குதிரைக்குக் கால் வரையாத மிஸ்

பிள்ளைகளுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு இரண்டே எதிரிகள்தான்: ஒன்று அந்தப் பிள்ளைகளுடைய அம்மாக்கள், இன்னொன்று குதிரை. அம்மாக்களை நான் சமாளித்துவிடுவேன், எனக்கு வாய் உண்டு. குதிரைதான் ஆறு வருஷமாக என் தூக்கத்தைக் கெடுத்தது.

ஒரகடம் பக்கத்தில் அடுக்குமாடி வீடு எங்களுடையது. எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் கம்பெனி பஸ் ஏறி ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். சனி, ஞாயிறு காலையில் என் ஹாலில் பாயை விரித்துப் பதினோரு பிள்ளைகளை உட்காரவைப்பேன். மற்ற ஐந்து நாளும் நான் "ஏம்மா, சட்னில உப்பு இல்லியே" என்று கூப்பிடப்படுகிற ஆள். அந்த இரண்டு நாள் மட்டும்தான் "மிஸ்". அதை இழக்க எனக்கு மனசில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டு வீட்டில் வகுப்பு நடத்தும் சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

சொல்லிவிடுகிறேன். குதிரைக்கு முட்டிக்குக் கீழே எனக்கு வரையத் தெரியாது. கான்வென்ட்டில் டிராயிங் எடுத்த சிஸ்டர் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான்: மூன்று வட்டம், கழுத்து, பிடரி, வால், முட்டி வரை கால். அதற்குக் கீழே அடர்த்தியாகப் புல். சிஸ்டருக்கும் கால் வராது என்பது எனக்கு நாற்பது வயசில்தான் உறைத்தது.

மாடு மேய்ந்தால்

மயில், யானை, கார் என்று பத்திரமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். எந்தப் புண்ணியவதியோ ஓர் அம்மா, "இவனுக்குக் குதிரை வேணுமாம் மிஸ், அதுவும் ஓடுற குதிரை" என்று வந்து நின்றாள். நிற்கிற குதிரைக்கே நான் வேண்டாத தெய்வமில்லை, இதில் ஓடுவது வேறா? போர்டில் வரைய ஆரம்பித்தேன். முட்டி வரை வந்தாயிற்று. பச்சை மார்க்கரை எடுத்துச் சரசரவென்று புல் போட்டேன். பதினோரு பேரும் பக்தியோடு புல் போட்டார்கள்.

முன்னால் உட்காருகிறவள் கயல், எட்டு வயசு. பேச்சு குறைவு, பார்வை அதிகம். அந்த மாதிரிப் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு உதறும். புல்லையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மிஸ், இந்தப் புல்லை மாடு மேஞ்சிடுச்சுன்னா கால் தெரியுமா?"

கிட்டே போய்ப் பார்த்தது

புத்தகத்தில் பார்த்தால் புரியாது, நேரில் பார்த்தால் வந்துவிடும் என்று ஒரு அசட்டு நம்பிக்கை. குன்றத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மண்டப வாசலில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஒரு வெள்ளைக் குதிரை நின்றது. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். முன்னங்கால் சரி. பின்னங்காலில் பாதி வழியில் ஒரு மடிப்பு பின்பக்கம் போகிறது. அது முட்டியா, குதிகாலா, கடவுள் மறந்துபோய் வைத்த இன்னொன்றா? ஆராய இன்னும் நெருங்கினேன். அது தரையில் ஒரு அடி அடித்தது பாருங்கள், ஜல்லென்று! என் மூக்குக்கும் அந்தக் குளம்புக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. செருப்பை விட்டுவிட்டு மண்டபப் படியில் ஏறி நின்றேன்.

குதிரைக்காரர் வாயிலிருந்து பீடியை எடுக்காமலே சொன்னார்: "இன்னா மேடம், வந்ததுலேர்ந்து அது காலையே பாத்துகினு கீறீங்க? ஒதச்சா மூஞ்சி இருக்காது, சொல்லிட்டேன்."

பதினோரு பீஸ்

கயலின் அப்பா செல்லத்துரை தென்காசிப் பக்கத்துக்காரர். உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர் வாசலில் வந்து நின்றால் எப்படி இருக்கும்? ஒரு சனிக்கிழமை, யூனிஃபார்மும் சேஃப்டி ஷூவுமாக, பெண்ணைக் கூட்டிப்போக வந்தார். சுவரில் வரிசையாக ஒட்டியிருந்த பதினோரு குதிரைகளையும் இடமிருந்து வலம் பார்த்தார். திரும்ப வலமிருந்து இடம். கழுத்தைச் சாய்த்து ஒரு தடவை. "காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். நான் யாரையும் அப்படிக் கேட்கிறவளே இல்லை.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க டீச்சர். ஒரு பீஸ்ல குறை இருந்தா அது பீஸோட குறை. பதினோரு பீஸ்லயும் ஒரே இடத்துல இருந்துச்சுன்னா, குறை அச்சுலதான் இருக்கும், பாத்துக்கிடுங்க."

நல்லது செய்தவர்

அதற்கப்புறம் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கால் போட்டுப் பழகினேன். என் வீட்டுக்காரர் ஒருநாள் சீக்கிரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம டைனிங் டேபிளை எதுக்கு வரையிறே?" என்றார். கிழித்துப் போட்டுவிட்டுத் தோசை வார்க்கப் போனேன்.

இந்த நிலையில் செல்லத்துரை மறுபடி வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. அவர் கம்பெனியில் குடும்ப தினமாம். படப்பையில் மண்டபம் பிடித்திருக்கிறார்களாம். பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி. கம்பெனிக்கு வெளியே உள்ள பிள்ளைகளும் கலந்துகொள்ளலாம். பெற்றோர் எல்லாரும் சுற்றி நிற்க, அங்கேயே உட்கார்ந்து வரைய வேண்டும். தலைப்பு: குதிரை. முழு உருவமும் தெரிய வேண்டும். அன்றோடு அத்தனை அம்மாக்களுக்கும் தெரிந்துவிடும். அடுத்த சனிக்கிழமை என் பாயில் ஈதான் உட்காரும்.

"யாரு இந்தத் தலைப்பைக் குடுத்தது?" என்று கேட்டேன். மனுஷன் பெருமையாக நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்: "நாந்தான் டீச்சர் கமிட்டியில சொன்னேன். நம்ம பிள்ளைகளுக்குப் பழகின படம்லா! அச்சையும் இதுக்குள்ள சரி பண்ணியிருப்பீங்க."

பச்சை மார்க்கர்

போட்டிக்கு முந்தின வகுப்பில் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கால் பக்கம் வந்தா எப்படியாவது சமாளிங்க!" என்று எரிந்து விழுந்தேன். பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்கு அப்போது புரியவில்லை.

போட்டியன்று புரிந்தது. ஒருவன் குதிரையைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றி ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் நீட்டவிட்டிருந்தான். ஒருத்தி போர்வை போர்த்திப் படுக்கவைத்திருந்தாள். ஒரு குதிரை ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. இன்னொன்று நான்கு காலுக்கும் சேஃப்டி ஷூ போட்டு, லேஸ் கட்டி, டியூட்டிக்குக் கிளம்பியிருந்தது. மற்ற ஏழும் புல்தான். நடுவராக வந்த டிராயிங் மாஸ்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து கயலிடம் குனிந்தார். "ஏம்மா, உங்க வகுப்புல யாருமே குளம்பு போடலியே?" அவள் என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "எங்க மிஸ் நல்லாப் போடுவாங்க சார். எங்களுக்குத்தான் வராது" என்று கூசாமல் பொய் சொன்னாள்.

மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். "அப்போ மிஸ்ஸே வந்து ஒண்ணு வரைஞ்சு காட்டட்டும்!" கை தட்டினார்கள். மேடையில் வெள்ளை போர்டு. எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. மூன்று வட்டம், கழுத்து, பிடரி, வால். முட்டி வந்தது. கை நின்றது. கீழே நூறு பேர், முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு செல்லத்துரை. ஓடிவிடலாமா என்று பக்கவாட்டுப் படியைப் பார்த்தேன். அதில் கயல் ஏறி வந்துகொண்டிருந்தாள். என் முந்தானை மறைவில் எதையோ நீட்டியபடி, காதருகே மூச்சு வாங்கச் சொன்னாள்: "மிஸ், பச்சை கொண்டாந்துட்டேன். சீக்கிரம் புல்லைப் போடுங்க, யாருக்கும் தெரியாது."

செக்கிங்

மார்க்கரைப் பிடித்திருந்த அந்தக் குட்டிக் கை என் கையைவிட அதிகமாக நடுங்கியது. யாராவது குதிரை கேட்டுவிடுவார்களோ என்று ஆறு வருஷமாக நான் எப்படி நடுங்கினேனோ, அதே நடுக்கம். மூன்று வட்டத்தோடு சேர்த்து இதையும் இவளுக்குக் கொடுத்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. பச்சையை இடுப்பில் செருகிக்கொண்டு, கறுப்பிலேயே நான்கு காலையும் தரைவரை இழுத்தேன், குளம்போடு. வெறும் தரை. ஒரு புல் கிடையாது. பின்னங்கால் இரண்டும் மனுஷன் முட்டி போட்ட மாதிரி முன்பக்கம் மடங்கின. யாரோ சிரித்தார்கள். "எனக்கு இதுக்கு மேல வராதுங்க, இனிமேதான் கத்துக்கணும்" என்று மைக்கில்லாமலே எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

செல்லத்துரை எழுந்து மேடையருகே வந்து, தலையைச் சாய்த்து, இடமிருந்து வலம் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் தீர்ப்பு இதுதான்: "முன்னங்கால் ரெண்டும் ஓகே டீச்சர். பின்னங்கால் ரீவொர்க்குக்குப் போகட்டும். ரிஜெக்ட் இல்ல."

அடுத்த சனிக்கிழமை பாயில் பதினோரு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். இன்றுவரை எங்கள் குதிரைகளின் பின்னங்கால் எந்தப் பக்கம் மடங்கும் என்று யாருக்கும் நிச்சயமில்லை, ஆனால் அதற்குப் பயப்பட வேண்டியது இனி நாங்கள் இல்லை, குதிரைதான்.