ஐயாவுவின் தந்தி முகவரி

3-5-1976: 'மயில், ஈப்போ' பதிவுக் கட்டணம், 20 வெள்ளி.
12-1-1982: கார்த்திகேசு தருவதாகச் சொன்னது, 500 வெள்ளி.
9-3-1982: வக்கீல் நோட்டீசுக்குப் பதில் எழுதிய கூலி, 35 வெள்ளி.
29-8-1982: கல்யாண மொய், 11 வெள்ளி.

மலேசியாவில் பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது பால்மரம் சீவும் வேலையை விட்டு ஈப்போவின் புந்தோங்குக்கு வந்தவர் ஐயாவு. மயில் மார்க் மசாலாத்தூள் அரைத்துப் பிழைத்தார். பாகான் செராய் போன்ற வெளியூர்க் கடைக்காரர்கள் சரக்குக் கேட்டுத் தந்தி அடிக்க வசதியாக, 'மயில், ஈப்போ' என்பதையே தன் முகவரியாகப் பதிந்துவைத்தார். ஓர் ஊரில் ஒரு சொல் ஒருவருக்குத்தான், முந்திப் பதிந்தவருக்கு.

ஆறாவது வருஷம் கார்த்திகேசு முதலாளி மயில் மார்க் அரிசியோடு பினாங்கிலிருந்து வந்து இறங்கினார். அந்தச் சொல்லைத் தனக்குத் தரச் சொன்னார், பணம் காட்டினார். மசியவில்லை என்றதும், விற்று லாபம் பார்க்கவே பெயரைப் பிடித்துவைத்திருப்பதாக நோட்டீஸ் விட்டார். சொல் போனால் ஆர்டரெல்லாம் முதலாளி வாசலுக்குப் போய்விடும்.

"குடுத்துருங்களேன், ஐந்நூறு வெள்ளிலா," என்றாள் மனைவி செல்லாயி.

"மவ பேர எவனாவது கேட்டா விப்பியா நீ?"

"அதுக்கு ஐந்நூறு எவன் குடுப்பான்?"

சொல் எப்படியும் கைக்கு வந்துவிடும் என்ற தெம்பில் முதலாளி, தன் மகள் கல்யாணப் பத்திரிகையின் அடியில் 'தந்தி: மயில், ஈப்போ' என்று அச்சடித்துவிட்டார். கல்யாணத்தன்று காலையில் தந்திக்கார அமீர் ஐயாவு வீட்டுக்குக் கட்டுக் கட்டாக வாழ்த்துகளைக் கொண்டுவந்து கொட்டினார்.

"யாருக்கு அண்ணே கல்யாணம்? சொல்லவே இல்ல!"

"எனக்கே சொல்லல, தம்பி."

"அடுப்புல போடுங்க," என்றாள் செல்லாயி.

"நாளைக்கு நம்ம தந்திய எவனாவது அடுப்புல போட்டா? சேலைய மாத்து, போலாம்."

மண்டபத்தில் வாழ்த்து வாசிக்கும் நேரம். படிக்க ஒரு தந்திகூட இல்லாமல் மைக் பிடித்தவர் செருமிக்கொண்டே நின்றார். சம்பந்தி வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளியின் முகம் செத்துப்போயிருந்தது. அப்போதுதான் மசாலா டின் நிறையத் தந்திகளோடு ஐயாவு உள்ளே வந்தார்.

விவரம் கேட்டுக்கொண்ட மைக்காரர் உற்சாகத்தில் முழங்கினார்: "'மயில், ஈப்போ' உரிமையாளர் திரு. ஐயாவு அவர்கள் கொண்டுவந்த தந்திகள்!"

மண்டபமே கைதட்டியது. முன்வரிசையில் ஜாங்கிரி தின்றுகொண்டிருந்த முதலாளியின் வக்கீலும் தட்டிவிட்டு, பிறகுதான் யாருக்குத் தட்டினோம் என்று கையைப் பார்த்தார். மிளகாய் நெடியில் மைக்காரர் வாழ்த்துக்கு ஒரு தும்மல் போட்டார்.

கார்த்திகேசு ஐயாவுவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மானத்தக் காப்பாத்திட்டீங்க, அண்ணே. அந்தப் பேரு உங்களுக்கே இருக்கட்டும்."

"வாயால சொன்னாப் பத்தாது, மொதலாளி. வக்கீல எழுதச் சொல்லுங்க."

"சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?" என்றாள் செல்லாயி.

முதலாளி வேறு சொல் பதிந்துகொண்டார். நோட்டீஸைத் திரும்பப் பெறுவதாக வக்கீல் எழுதிய கடைசிக் கடிதம் ஐயாவு கைக்கு வந்த தேதி 14-9-1982.