குடும்ப விவரத் திரை

மகன் போன பிறகு டீம் லீடர் மேடம் வேலைக்குத் திரும்பிய காலையில், வெள்ளைப் பலகையில் ஒரு பெரிய பெட்டி வரைந்து, அதற்குள் சின்னச் சின்னப் பெட்டிகளாக வரைந்துகொண்டே போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சூளகிரிக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலை விபத்தில் அவருடைய ஒரே பிள்ளை இறந்திருந்தான். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவன். துக்கம் விசாரிக்க எங்களுக்கு இடம் கொடுக்காமல் நேரே பாடத்துக்குப் போனார். டீ வந்தது, குடித்தோம்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவு எங்களுடையது. ஊழியர்களுக்கான வெப் பக்கங்களைப் பழைய முறையில் எழுதியிருந்தோம். பட்டனை அழுத்தினால் அதற்கென்று எழுதிய ஆக்‌ஷன் என்கிற நிரல் சர்வரில் ஓடும். திரை முழுவதும் ஒரு கணம் வெளுத்து, புதுப் பக்கமாகத் திரும்பி வரும். இனிமேல் பக்கத்தைத் துண்டு துண்டாக, காம்பொனென்ட்டுகளாகக் கட்ட வேண்டும் என்பது மேலிடத்து முடிவு. எனக்கு அது பிடிபடவில்லை. எதை எழுதினாலும் பட்டனிலிருந்தே யோசித்தேன். "பட்டன் எங்க போகுதுன்னு பாக்காதீங்க. இந்தத் துண்டு என்னத்த வச்சிருக்குன்னு பாருங்க. அதுல ஏதாவது மாறினா அந்தத் துண்டு மட்டும்தான் மாறும்" என்பார் மேடம், குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல்.

முதலில் முடிந்தது குடும்ப விவரத் துண்டு. ஒருமுறை எழுதிவிட்டால் காப்பீடு, பஸ் பாஸ் என்று எல்லாப் பக்கத்திலும் அதையே பொருத்தலாம். சோதித்துப் பார்க்க அவர் எப்போதும் தன் ஊழியர் எண்ணையே போடுவார். அன்றும் போட்டார். கணவர் பெயர் வந்தது. அதன் கீழே மகன் பெயர், பக்கத்தில் வயது. வேறு எண்ணைப் போடட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"வேணாம். பேர எடுக்கச் சொல்லி எச்.ஆர்.லருந்து மெயில் வந்திருக்கு. எப்படியும் எடுக்கணும். டெலீட் பட்டனையும் டெஸ்ட் பண்ணிடலாம்."

அவரே அழுத்தினார். திரை வெளுக்கவில்லை. அந்த ஒரு வரி மட்டும் போயிற்று. கீழே இருந்த மாமியார் பெயர் மேலே ஏறி அந்த இடத்தில் நின்றது. மற்றதெல்லாம் இருந்தபடியே இருந்தது. பழைய முறையாக இருந்திருந்தால் மூச்சு விடவாவது ஒரு கணம் கிடைத்திருக்கும்.

"வேல செய்யுது" என்றார். என் பக்கம் திரும்பி, "இப்ப புரியுதா?" என்று கேட்டார்.

புரிகிறது என்றேன். உண்மையாகவே புரிந்திருந்தது.

இப்போது அவர் பெங்களூரில் வேறு வேலையில் இருக்கிறார். புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் அந்தத் துண்டைக் காட்டித்தான் பாடம் நடத்துகிறேன். டெலீட் பட்டன் வரும்போது மட்டும், வேறு யாரையாவது அழுத்தச் சொல்கிறேன்.