மற்றும் பலர்

பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்த அன்றுதான் இத்தனை வருடமாக நான் ஒன்றுமே எழுதவில்லை என்று எனக்குத் தெரிந்தது. யார் எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று கணக்குச் சொல்லும் இணையதளம் ஒன்று இருக்கிறது. செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் மருத்துவக் கல்லூரியின் எழுத்தர் அதில் என் பெயரைத் தட்டிவிட்டு, "சைபர் காட்டுது மேடம்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஒரு ஃபைல் மிச்சம் அவருக்கு.

எல்லாம் இன்ஷியல் செய்த வேலை. கல்யாணத்துக்கு முன்பு அப்பாவின் இன்ஷியல், பின்பு கணவருடையது. வெளிநாட்டு மருத்துவ இதழ்கள் இன்ஷியலை விரித்து எழுதச் சொல்லும். விரித்தால் கடைசியில் நிற்கும் பெயர்தான் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, என் பெயரை ஓர் எழுத்தாக நறுக்கிவிடும். அதனால் முதல் பாதிக் கட்டுரைகள் அப்பா கணக்கில், மீதி கணவர் கணக்கில். இரண்டு ஆண்களுக்கும் நான் இன்ஷியல் ஆகியிருந்தேன்.

கணவர் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். விஷயம் தெரிந்ததும் ஸ்டாஃப் பஸ் முழுக்கத் தான் ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளர் என்று சொல்லிவிட்டு வந்தார். ராத்திரி சாப்பாட்டுக்குள் முகம் தொங்கிவிட்டது. "உங்க நைனாவத்தான் நெறைய பேரு சொல்லிக்கிறாங்க. அவர ஓவர்டேக் பண்ண நீ இன்னும் எத்தினி பேப்பர் எழுதணும்?" என்று கேட்டார். எரிச்சலில் அவர் தட்டில் ரசத்தைக் கொஞ்சம் வேகமாகவே ஊற்றினேன்.

இந்தக் கட்டுரைகளில் தங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை என்று இருவரும் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தால்தான் ஃபைல் நகரும் என்றார் எழுத்தர். விட்டால் அடுத்த வாய்ப்புக்குள் எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துவிடும். கணவர் பெரிய மனசு பண்ணிக் கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் புதுப்பட்டினம் போனேன்.

அப்பா மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். உலகம் அவரை அதிகமாக மேற்கோள் காட்டியது என் முதல் கட்டுரைக்காக. வலைக்கயிறு அறுத்து, உப்புத் தண்ணீரில் ஊறி, ஆறாமல் கிடக்கும் கைப்புண்ணைப் பற்றியது அது. பக்கத்துக் குப்பங்களில் அலைந்து ஆட்களைக் கூட்டிவந்து என் முன்னால் கையை நீட்ட வைத்தவர் அவர்தான். கட்டுரையில் நான் 'கடலோரத் தொழிலாளர்கள்' என்று இரண்டே சொல்லில் அத்தனை பேரையும் முடித்திருந்தேன். யாருக்கும் நன்றிகூடச் சொல்லவில்லை.

பத்திரத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். அதை விட்டுவிட்டு, வெளியூர்க்காரன் தன்னை எப்படிச் சொல்லியிருக்கிறான் என்று கேட்டார். போனில் ஒரு கட்டுரையை எடுத்துத் தமிழில் சொன்னேன். அவர் பெயர், அப்புறம் 'மற்றும் பலர்', கண்டறிந்தபடி இந்தப் புண் இப்படி இப்படி. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பரவால்லமே, கூட வந்தவனுங்களையும் வுடாம சொல்லிக்கிறான்" என்றார்.

அந்தப் பலர் யாரென்றால், என் அன்றைய துறைத் தலைவர், புள்ளிவிவரம் போட்டுக் கொடுத்தவர், மைக்ரோஸ்கோப் அறையின் சாவி தன்னிடம் இருந்த ஒரே காரணத்தால் பெயர் சேர்க்கச் சொன்னவர். மூன்று பேருக்கும் கடல் அலர்ஜி.

அப்பா பேனாவை வாங்கினார். "என் பேர எடுத்துடும்மா, எழுதுனது நீதானே. அந்தப் பலர மட்டும் வுட்டுடு. பாவம், தொழிலுக்குப் போவாம வந்து குந்திகினு கெடந்தானுங்க."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்பும் வழியெல்லாம் அந்த வெட்கம் கூடவே வந்தது.

பதவி உயர்வு வந்தது. இனிப்பு வாங்கிக்கொண்டு மறுபடி புதுப்பட்டினம் போனேன். அதற்குள் அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். மீன் மார்க்கெட் பக்கம் ஒருவர் என் காரை நிறுத்தி, ஜன்னலில் கையை வைத்தார். உள்ளங்கையில் வலைக்கயிறு அறுத்த அதே பழைய தழும்பு.

"டாக்டரம்மா, வெளிநாட்டுல எங்கள போட்டுக்கிறாங்களாமே?"

ஆமாம் என்றேன். பேராசிரியரான பிறகு நான் சொன்ன முதல் பொய் அதுதான்.