கீறல் இல்லாத தட்டு

பழைய இசைத்தட்டின் நிலையைப் பார்த்துச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் போதும், எது வெறும் அழுக்கு, எது ஊசியை மடக்கும் கீறல் என்று சொல்லிவிடுவேன். விளிம்பைத் தவிர வேறெங்காவது விரல் வைப்பவர்களுக்குத் தட்டு விற்க மாட்டேன்.

கண்ணமங்கலத்தில் இருக்கும் என் கடைக்கு மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஒரு மைக் செட்காரர் வந்தார். திருவிழாவுக்கு வழக்கமாகப் போடும் அம்மன் பாட்டுத் தட்டு ஜீப்பில் உடைந்துவிட்டதாம். அதே தட்டு என்னிடம் ஒன்று இருந்தது, புத்தம் புதுசு போல. பெருமையாக நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னாங்க, கீறலே காணோம்?"

அவர்கள் தட்டில் இரண்டாவது சரணத்தில் ஒரு கீறலாம். பாட்டு அங்கே மாட்டிக்கொண்டு 'தாயே, தாயே' என்றே சுற்றும். அம்மன் வந்துவிட்டாள் என்று அர்த்தம். அப்போதுதான் பூசாரி கரகம் தூக்குவார். எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல தட்டில் அம்மன் இன்னும் தெளிவாக வருவாள் என்றேன். அப்படியானால் நீங்களே வந்து வரவழையுங்கள் என்று என்னையும் ஜீப்பில் ஏற்றிவிட்டார்.

மலையில் பூசாரி கரகத்தின் முன் குனிந்து காத்திருந்தார். பாட்டு ஒரு தடங்கலும் இல்லாமல் பாடி முடிந்தது. அவர் நிமிரவில்லை. மறுபடி போட்டோம், மறுபடியும் அதே பாழாய்ப்போன தெளிவு. கூட்டம் அம்மனை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தது. கரகம் எழும்பாமல் யாரும் சாப்பிட முடியாது, சோறு வேறு ஆறிக்கொண்டிருந்தது.

ஒரு பெண் தாலிச் சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றி நீட்டினார். "தெரிஞ்சவரு நீங்கதானே. கீறல நீங்களே போடுங்க."

இரண்டாவது சரணம் எங்கே என்று கண்ணுக்கு உடனே தெரிந்தது. அதற்காக என் கண்ணையே வெறுத்தேன். முதல் கீறலுக்கு 'டிக் டிக்' என்றுதான் கேட்டது. பூசாரி குனிந்தபடியே போதாது என்று கையை ஆட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி இழுத்தேன். அழுகையே வந்துவிட்டது.

'தாயே, தாயே, தாயே, தாயே.'

பம்பை முழங்கியது, கரகம் எழுந்தது. என்னை அறியாமல் நானும் கைகூப்பி நின்றேன்.

செட்காரர் ஊசியை எடுத்துவிட்டுத் தட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"கவலப்படாதீங்க சார். நல்லா ஆழமா வுழுந்திருக்கு. லேசுல தேயாது."