உச்சி வெயிலில் ஏழு வரிகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் கடைவீதியில் ஒரு பூக்கடை முன்னால் இது நடந்தது. செருப்பைக் கழற்றினால் கால் பொத்துப்போகும் வெயில். அந்த வெயிலை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அனுபவத்தில் எனக்கு வாத்தியார் அதுதான்.

திருச்சி தென்னூரில் ஒரு பல் மருத்துவமனையில், வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. தாடையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து உட்காரவைப்பது என் பகல். மிச்ச நேரத்தில் எழுதுகிறேன். நான் எழுதுவதைக் கவிதை என்றால் கவிஞர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், கட்டுரை என்றால் எனக்கே சிரிப்பு வரும். இரண்டுக்கும் நடுவில் ஒழுகிப்போகிற ஏதோ ஒன்று. காவிரிப் பாலத்தில் பஸ் ஊரும்போது ஒரு வரி வரும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் பிடிப்பதற்குள் அது நான்கு வரியாகியிருக்கும். வாரம் முழுக்க அப்படிச் சேர்ந்ததை ஞாயிறு காலையில் என் வலைத்தளத்தில் போடுவேன்.

எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று தெரியாது. ஆனால் கேட்பவர் ஒருவரைத் தெரியும். நான் வழக்கமாகப் பூ வாங்கும் கடைக்காரப் பெண்மணி. இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அவருடைய கணவர் ஸ்ரீரங்கம் ரயில் நிலைய ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு மழை நாளில் நான் அந்த ஆட்டோவில் வர, நாள் பூரா போனில் அப்படி என்னதான் எழுதுகிறீர்கள் என்று அவர் கேட்க, வலைத்தள முகவரியைக் கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கடைக்கு வரும்போது, மனைவி பூக் கட்டக் கட்ட, நான் எழுதியதைப் போனில் பார்த்துச் சத்தமாகப் படித்துக்காட்டுவார். பக்கத்துத் துளசி மாலைக்காரர்கூடக் காதைக் கொடுப்பாராம். எனக்கு வேறென்ன விருது வேண்டும்?

எனக்கு ஒரு வியாதி உண்டு. இருப்புக்கொள்ளாது. பீரோவை வருடத்துக்கு மூன்று முறை இடம் மாற்றுவேன். இன்றைக்கு எந்தப் பக்கம் தலை வைப்பது என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்காரர் படுப்பார். அந்த வருடம் பங்குனியில் என் கை வலைத்தளத்தின் மேல் போனது. தளத்துக்குத் தீம் என்று ஒன்று உண்டு. எழுத்துக்குப் போட்டுவிடும் உடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ குளிர் நாட்டில் யாரோ செய்த புதிய தீம் ஒன்றைக் கண்டதும் மயங்கிவிட்டேன். வெளுத்த பின்னணி, அதன்மேல் மெல்லிய சாம்பல் எழுத்து, விடியற்காலைப் பனியில் நடந்துபோகிறவர்களைப் போல. மாற்றிவிட்டேன். வாட்ஸப்பில் எழுத்தாள நண்பர்கள், வெளிநாட்டுத் தளம் மாதிரி இருக்கிறது என்று தட்டிக்கொடுத்தார்கள். ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பூக்கார அம்மா இரண்டு முழம் கனகாம்பரத்தை அளந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

“அக்கா, ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டீங்களே. இப்பல்லாம் நீங்க எழுதறது உங்க எழுத்து மாதிரியே இல்ல.”

 என்ன ஆச்சு என்று கேட்டேன். ஆறு வாரமாகவே அப்படித்தானாம். முன்பெல்லாம் நான் எழுதியதைக் கேட்டால் கட்டிய பூ மடியில் கிடக்க, சற்று நேரம் சும்மா இருக்கத் தோன்றுமாம். இப்போது கதை கதையாக ஓடுகிறதாம். அதிலும் எதை எடுத்தாலும் ஒரு ஆட்டோ வந்துவிடுகிறதாம். போன வாரம் ஒரு யானை, முக்கொம்பு அணையில் தண்ணீர் பார்க்க வேண்டும் என்று ஆட்டோ ஏறிப் போனதாம்.

நான் என் பிறவியில் யானையைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவருக்குப் பின்னால், டிபன் கேரியரைத் திறந்தபடி உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், சொல்லிவிடாதீர்கள் என்பதுபோல. காக்கிச் சட்டைக்கு மேலே அந்த முகம் அவ்வளவு சிறுத்துப்போயிருந்தது. வாயை மூடிக்கொண்டு, மனசு கொஞ்சம் சரியில்லைங்க, அதனால்தான் அப்படி வருகிறது போல என்று சமாளித்தேன்.

“அப்படியா. சரி, இன்னும் ஒரு வாரம் கேக்கறேன். அப்பவும் இப்படியே இருந்துச்சுன்னா வேணாம்க்கா. அவராவது நிம்மதியா சாப்பிட்டுப் போகட்டும்.”

பூவை வாங்கிக்கொண்டு தெருமுனை திரும்பினேன். பின்னாலேயே ஓடி வந்தார் கணவர். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். என் தளம் புதிதாக மாறிய நாளிலிருந்து அவரால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. நாற்பதைத் தாண்டிய கண், கீறல் விழுந்த போன், தலைக்கு மேலே பட்டப்பகல். ஆனால் ஞாயிறு வந்தால் அவர் வாயையே பார்த்துக்கொண்டு மனைவி உட்கார்ந்திருப்பார். தெரியவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. போனை முன்னால் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்ததை என் பெயரில் சொல்லியிருக்கிறார். ஆறு வாரம். இப்போது உண்மையைச் சொன்னால், ஆறு வாரமும் ஏமாற்றினீர்களா என்று ஆகிவிடும்.

போனைக் கொடுங்கள் என்று வாங்கி, வெயிலில் பிடித்துப் பார்த்தேன். என் எழுத்து எனக்கே தெரியவில்லை. நீர்மோரைக் கொட்டிவைத்த மாதிரி வெறும் வெளுப்பு. அதில் என் முகம்தான் தெரிந்தது. நான் எழுதியதை நானே அழித்து வைத்திருக்கிறேன், அதையும் அழகு என்று சொல்லிக்கொண்டு.

அடுத்த ஞாயிற்றுக்குள் சரிசெய்துவிடுகிறேன் என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

பழைய தீமுக்குத் திரும்பலாம் என்றால், அதைச் செய்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள், கிடைக்கவில்லை. தளத்தை முதலில் அமைத்துக்கொடுத்த நண்பரைக் கூப்பிட்டேன். வெளியூரில் இருக்கிறேன், பத்து நாள் பொறுங்கள் என்றார். நானே செய்து பார்க்கட்டுமா என்று கேட்டதும் பதறிவிட்டார். “கோடிங் பக்கம் மட்டும் போயிடாதீங்க மேடம். ஏதாவது தட்டிட்டீங்கன்னா மொத்தமும் போயிடும்” என்றார். இருப்புக்கொள்ளாதவளிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது.

தேடினால், தளத்தின் உள்ளே ஒரு வெற்றுக் கட்டம் இருந்தது. தீம் செய்தவர் எழுதியதைத் தொடாமல், அதற்கு மேல் நம் விருப்பத்தைச் சில வரிகளாக எழுதிக்கொள்ள ஒரு இடம். பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம், ஒன்றும் உடையாது. யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் எடுத்துக்காட்டு வரிகளோடு விளக்கியிருந்தார். நிறத்துக்கு ஆறு இலக்க எண். என் சாம்பல் நிறத்தின் பெயர் ஆறு ஒன்பதுகள். ஆறு பூஜ்யம் என்றால் முழுக் கறுப்பு. நான் ஆறு ஒன்றுகள் வைத்தேன், கண்ணுக்கு மை இழுத்த மாதிரி. எழுத்தின் அளவுக்கு ஒரு வரி, தடிமனுக்கு ஒரு வரி, பின்னணிக்கு ஒரு வரி. வரிகளுக்கு நடுவே இடைவெளி விட இன்னொரு வரி, ஏனென்றால் அந்தத் தீம் நம் எழுத்தை அறியாதது. மேல் வரியில் ‘து’ காலை நீட்ட, கீழ் வரியில் ‘டி’ அதைத் தலையில் தாங்கிக்கொண்டு நின்றது. திறக்க ஒரு அடைப்பு, மூட ஒரு அடைப்பு. மொத்தம் ஏழு வரி.

எழுதிச் சேமித்தேன். ஒன்றும் மாறவில்லை. திங்கள், செவ்வாய், புதன், பஸ்ஸிலும் பல்வலிக்காரர்களுக்கு நடுவிலும் அந்த ஏழு வரியையே வெறித்தேன். வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில்தான் கண்ணில் பட்டது. அடைப்புக்குள் ஒவ்வொரு வரியின் முடிவிலும் அரைப்புள்ளி இருக்க வேண்டும். நானோ எல்லா வரிக்கும் முற்றுப்புள்ளி வைத்திருந்தேன். இருபது வருடமாக வாக்கியத்தை முடித்து முடித்துப் பழகிய கை. முடித்துவிடாதே, இன்னும் இருக்கிறது என்று அந்த வரிகள் சொல்வதாக எனக்குத் தோன்றியது. புள்ளிகளை மாற்றினேன். திரை ஒரு கணம் வெளுத்தது. பிறகு என் எழுத்துகளெல்லாம் குளித்துவிட்டு வந்தவர்களைப் போலப் பளிச்சென்று நின்றன. வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். ஊசிக்குக் காத்திருந்த ஒருவர் மிரண்டு பார்த்தார்.

ஆனால் ஏசி அறையில் தெரிவது கணக்கில் சேராது. சனிக்கிழமை எனக்கு அரைநாள். நேரே ரயில் நிலைய ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன், உச்சி வெயிலில். நான்கைந்து ஓட்டுநர்கள் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர், தேர்தல் எதுவும் வருகிறதா, அக்கா ஓட்டுக் கேட்க வந்திருக்கிறார்களே என்றார். பூக்கார அம்மாவின் கணவர் போனைத் திறந்தார். பழைய சாம்பல்தான் வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. தேர்தல் என்று கேலி செய்தவர்தான், விரலால் கீழே ஒரு இழுப்பு இழுத்துவிடச் சொன்னார். இழுத்ததும் புதிது வந்தது. தெரிந்தது! ஆனால் ஒரு வரிக்கு இரண்டு வார்த்தை, மூன்றாவது வார்த்தை அடுத்த வரியில். ஆசையில் அளவை இருபத்திரண்டாக வைத்திருந்தேன்.

“கண்ணாஸ்பத்திரில செவுத்துல மாட்டிருப்பாங்களே, அந்த போர்டு மாதிரி இருக்குங்க” என்றார் கணவர்.

ஸ்டாண்டே சிரித்தது. நானும்தான். அவருடைய ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து என் போனிலேயே எண்ணைக் குறைத்தேன். இருபது. வெளியே வந்து வெயிலில் நீட்டுவது, இழுத்துவிடுவது, நான்கு பேர் போனிலும் பார்ப்பது, மறுபடி உள்ளே போவது. பதினெட்டு என்றால் அவர் கண்ணைச் சுருக்கினார். பத்தொன்பதில் சுருக்கவில்லை. வரி இடைவெளியை ஒருவர் இன்னும் கொஞ்சம் விடச் சொன்னார், வண்டிக்கு வண்டி கேப் வேண்டாமா என்று. விட்டேன். சவாரி வந்தவர்களைக்கூட ஒரு நிமிடம் நிறுத்தி, இது தெரிகிறதா பாருங்கள் என்று காட்டினார்கள். என் எழுத்தை இவ்வளவு பேர் இவ்வளவு கவனமாகப் பார்த்தது அதுவே முதல் தடவை. என்ன எழுதியிருக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

மறுநாள் ஞாயிறு. காலையில் புதிதாக எழுதியதைப் போட்டேன். கொள்ளிடம் மணலில் ஒற்றைக் காலில் நிற்கும் நாரையைப் பற்றியது. மதியம் பூ வாங்குகிற சாக்கில் கடைக்குப் போய் நின்றேன். கணவர் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். தெரு வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. படிக்கத் தொடங்கினார், தயங்காமல், ஒரு வார்த்தை விடாமல். என் காற்புள்ளியில் அவர் மூச்சு வாங்கினார். நாரை கடைசிவரை எந்த ஆட்டோவிலும் ஏறவில்லை. பூக்கார அம்மா வாழைநாரில் முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டார். முடிந்ததும் மடியில் பூவை வைத்துவிட்டு, எதிரே போகும் கூட்டத்தைப் பார்த்துச் சற்று நேரம் சும்மா இருந்தார்.

கணவர் சவாரிக்குக் கிளம்பிப் போனார், நிமிர்ந்து, என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு. நான் மெதுவாகக் கேட்டேன், இன்றைக்கு எப்படி இருந்தது என்று.

“இதுதாங்கா உங்க எழுத்து. யானை அவரோடது.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உங்களுக்குத் தெரியுமா என்றேன்.

“மொத வாரமே தெரியும். அந்த மனுசன் கண்ட கனவைச் சொன்னாலே அதுல ஆட்டோ வரும். பொய் சொல்றீங்களான்னு அவர் மூஞ்சிக்கு நேரா எப்படிக்கா கேக்கறது? உங்க காதுல போட்டா எங்க கோளாறுன்னு நீங்க பாப்பீங்கன்னு நெனச்சேன். பாத்துட்டீங்க.”

அந்தப் ‘பாத்துட்டீங்க’ என்ற ஒரு சொல், நான் இதுவரை வாங்கிய எல்லாப் பாராட்டுக் கடிதங்களையும் ஓரமாகத் தள்ளிவிட்டது. ஒருவரையொருவர் நோகவிடக் கூடாது என்று இரண்டு பேர் ஆறு வாரம் காத்த மௌனத்தை, என் ஏழு வரி சத்தமில்லாமல் நேராக்கியிருக்கிறது. நானே கற்று, நானே தப்பு செய்து, நானே திருத்திய வரிகள்.

அந்த வரிகள் இன்னும் என் தளத்துக்குள் இருக்கின்றன. படிக்கிறவர்கள் யாருக்கும் அவை தெரியாது. அவற்றின் வழியாக மற்றதெல்லாம் தெரிகிறது, அவ்வளவுதான். பிறகு பத்திரிகைகளில் என் எழுத்து வந்திருக்கிறது, ஒரு மேடையில் சால்வைகூடப் போட்டார்கள். ஆனாலும் நீ எழுதியதிலேயே எது உனக்குப் பெருமை என்று யாராவது கேட்டால், என் மனம் போய் நிற்கிற இடம் அந்த ஆட்டோவின் பின்சீட்டுதான். பீரோவை இன்னும் இடம் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன், அது என்னோடே போகும். ஆனால் எதை எழுதி முடித்தாலும் இப்போதெல்லாம் வீட்டு நிழலில் வைத்து அழகு பார்ப்பதில்லை. போனை எடுத்துக்கொண்டு நேரே வெயிலுக்குப் போகிறேன்.