ஒரு பூவன் போதும்

சித்தூர்ச் சந்தையில் வாத்துக்குஞ்சு விற்றவர் மலையாளத்தில் ஒரே ஒரு யோசனைதான் சொன்னார். வளர்ந்த பிறகு பூவன் ஒன்று போதும், மற்ற பூவன்களை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். பூவன் என்றால் ஆண். இந்த ஊரில் பிறந்து இங்கேயே டீச்சராக இருக்கும் எனக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. எட்டுக் குஞ்சுகளையும் அட்டைப்பெட்டியில் போட்டு, என் மகள் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

சில மாதங்களில் எட்டும் ஒரே வெள்ளையாக வளர்ந்து நின்றன. நான்கு, தொண்டை கிழியக் கத்தின. மற்ற நான்கும் சளி பிடித்ததுபோல் கரகரத்தன. அவற்றின் வாலில் ஓர் இறகு மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவள் நான். கத்துவது சேவல். சுருள் இறகு பெண்ணுக்கு வாய்த்த அழகு என்று நானே தீர்மானித்தேன். கத்தியவற்றில் மூன்றைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தேன். மகள் கூப்பிட்டால் ஓடிவரும் என்பதற்காக ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். ஆண் ஒன்று, பெண் நான்கு. சரியாகச் செய்துவிட்டதாக நினைத்தேன்.

பிறகு அந்த நான்கும் அந்த ஒன்றை விரட்டத் தொடங்கின. தலையை மேலும் கீழும் ஆட்டியபடி சுற்றி வரும். பிடரியைக் கவ்வித் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கும்.

"அம்மா, கழுத்துல இறகே இல்லம்மா. ரத்தம் கசியுது. வந்து பாரேன்."

"நாலு பொண்டாட்டி கட்டுனா அப்படித்தான். நீ போய்ப் படி கண்ணு."

மறுநாளும் வந்து சொன்னாள். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன், தலை நிமிரவில்லை. காலையில் ஒரு முட்டை கிடக்கும். நான்கில் ஒன்றுதான் தொடங்கியிருக்கிறது, மற்றவை பின்னால் போடும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"ஏனுங்க டீச்சர், நீங்க குடுத்த மூணு பூவனும் முட்டை போடுதுங்க! பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் சொல்லிக் குடுக்கறீங்களா?"

சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே புரிந்தது. பின்பக்கம் ஓடினேன். தொட்டியில் நான்கும் அந்த ஒன்றின்மேல் ஏறிக் கிடந்தன. துடைப்பத்தால் அடித்து விலக்கித் தூக்கினேன். ஒரு கண் மூடிப்போயிருந்தது, உச்சித் தோல் கிழிந்திருந்தது. கீழே விட்டால் கால் நிற்கவில்லை.

மிருகாசுபத்திரி டாக்டர் மலையாளி. "ஒரு பெடைக்கு நாலு பூவனா? நேரே தலைகீழா வெச்சுட்டீங்களே டீச்சரே," என்றார். வாத்தில் உரக்கக் கத்துவது பெடை, சுருள் இறகு பூவனுக்கு மட்டும்தான் என்று சொன்னார். மகள் பெட்டியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றாள்.

மூன்று நாள் தன் அறையில் வைத்து, ஊறிய சோற்றை ஊட்டினாள். நான்காம் நாள் காலை அது விறைத்துக் கிடந்தது. தென்னைக்கு அடியில் அவளே குழி தோண்டினாள். மண்வெட்டியை வாங்கப் போனேன், தரவில்லை. திட்டுவாள் என்று அன்றைக்கெல்லாம் காத்திருந்தேன். திட்டவும் இல்லை.

"ஒண்ணத் திருப்பித் தரட்டுங்களா?" என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். வந்தால் அதற்கும் இதே கதிதான்.

பெடை இல்லாததால் நான்கு பூவன்களுக்கும் இப்போது சண்டையே இல்லை. ஒன்றாக மேய்கின்றன, ஒட்டிப் படுத்துத் தூங்குகின்றன. அவற்றின்மேல் கோபப்படவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

போன வாரம் மகள் பள்ளியிலிருந்து அழுத முகத்தோடு வந்தாள்.

"என்னாச்சு கண்ணு?"

"ஒண்ணுமில்லம்மா."

அவள் அறை வாசலில் நின்று மறுபடி கேட்டேன். உள்ளேயிருந்து அதே பதில்தான் வந்தது.