ஏழாவது குற்றவாளியின் சைக்கிள்

ஒரு மனிதரை நான் குற்றப்பத்திரிகையில் சேர்த்திருக்கிறேன். போலீஸ் அதைத் தாக்கல் செய்வதற்கு நாலைந்து மாதம் முன்னதாகவே. ஏழாவது இடத்தில். சேர்த்த மறுநாள் அவர் எனக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து, கொய்யாப்பழத்தைப் பேனாக்கத்தியால் நாலாக நறுக்கி, முதல் துண்டை எனக்குத்தான் நீட்டினார். வாங்கித் தின்றேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பட்டியலில் மற்ற ஆறு பேரில் நாலு பேரையும் தப்பாகப் போட்டிருந்தேன் என்று சொல்ல அதைவிட வெட்கமாக இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில், ஆட்சி மாறிய வருடம். போன ஆட்சியில் மந்திரியாக இருந்த ஒருவர் மேல் விசாரணை நடந்துகொண்டிருந்தது. எப்போது கைது, யார் யார் உள்ளே போவார்கள், யார் அப்ரூவராகி வெளியே வருவார்கள் என்பதைத் தவிர அந்த வருடம் தாம்பரத்தில் வேறு பேச்சில்லை. எங்கள் எலக்ட்ரிக் டிரெயினில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வழக்கு ஒரு கட்டம் நகரும். குரோம்பேட்டையில் சம்மன் போகும். மீனம்பாக்கத்தில் மந்திரி விமானம் ஏறப் பார்ப்பார். கிண்டியில் கவர்னர் அனுமதி கொடுப்பார். எழும்பூரில் கோர்ட், பார்க்கில் ஜெயில். சாயங்காலம் திரும்பி வரும்போது மந்திரி மறுபடி வெளியே இருப்பார். மறுநாள் காலை முதலிலிருந்து ஆரம்பிப்போம்.

முன்னாலிருந்து மூன்றாவது பெட்டியில் நாங்கள் நாலு பேர் ஒரு செட். எழும்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்திய வாத்தியார்; ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பைபிள் வாசிப்பவர், மற்ற நாட்களில் என் பேச்சைக் கேட்பவர். குரோம்பேட்டையில் ஏறுகிற பாங்க் கேஷியர். அவருக்காக நாங்கள் தாம்பரத்திலேயே துண்டு போட்டு இடம் பிடித்து வைப்போம். பீச்சில் இறங்கி ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் டைப் அடிக்கப் போகிற நான். நாலாவது ஆள் முடிச்சூர்க்காரர். தினமும் சைக்கிளில் தாம்பரம் வந்து, ஸ்டாண்டில் அதை விட்டுவிட்டு ரயிலேறி, கோட்டை ஸ்டேஷனில் இறங்கித் தலைமைச் செயலகத்துக்குப் போவார். சூப்பிரண்டு என்பது எங்கள் கணக்கு. நாங்கள் அவரைக் கோட்டைக்காரர் என்போம்.

செட்டில் நான்தான் நிபுணர். காரணம், மேற்குத் தாம்பரத்தில் வாடகைக்குப் புத்தகம் தரும் லெண்டிங் லைப்ரரியில் வாரத்துக்கு நாலு புலனாய்வுப் பத்திரிகை எடுத்துப் படிப்பேன். நாலிலும் ஒரே செய்தி வந்தால் 'நாலு இடத்தில் உறுதியாகியிருக்கிறது' என்பேன். நாலிலும் வேறு வேறாக வந்தால் 'குழப்பப் பார்க்கிறார்கள்' என்பேன். இந்த முறையில் தோற்க வழியே கிடையாது. டைரியின் பின்பக்கத்தில் ஏ-1, ஏ-2 என்று நம்பர் போட்டுப் பட்டியலும் வைத்திருந்தேன். ஆறு வரைக்கும் போய் நின்றிருந்தது. பெரிய ஊழல் என்றால் ஏழு பேராவது இல்லாமலா?

கோட்டைக்காரர் மட்டும் இந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. அந்த மந்திரியின் துறையில்தான் அவருக்கு வேலை. ஏதாவது கேட்டால் ஒரு சிரிப்பு. "எல்லாம் ஃபைல்ல இருக்கும் சார்" என்பார். முன்பெல்லாம் அந்தச் சிரிப்பைப் பதவியின் கண்ணியம் என்று நினைத்தோம். ஆட்சி மாறியதும் அதே சிரிப்பு எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது.

சந்தேகம் வந்துவிட்டால் மனுஷனுக்கு எதைப் பார்த்தாலும் தடயம்தான். அவர் திடீரென்று டிபன் பையோடு கூட ஒரு மஞ்சள் பையும் கொண்டுவர ஆரம்பித்தார். மேலே பலகையில் வைக்க மாட்டார். மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். ஒருநாள் மாம்பலத்தில் கூட்டம் நெருக்க, அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று பையைப் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உள்ளே காகிதம் கசங்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு இரண்டு வாரத்துக்குப் போதும்.

அப்புறம் தொடர்ந்து இரண்டு நாள் ஆளைக் காணோம். பதினோரு வருஷத்தில் தொடர்ந்து இரண்டு நாள் அவர் வராமல் இருந்ததில்லை. திரும்பி வந்தபோது, கொஞ்சம் சொந்த வேலை என்றார். விசாரணைக்குக் கூப்பிட்டால் யாரையும் இரண்டு நாள்தான் வைத்திருப்பார்கள் என்று நான் வாத்தியாரிடம் சொன்னேன். எங்கே படித்தேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

கடைசி ஆணியை அடித்தவர் சைக்கிள் ஸ்டாண்டுக்காரர். ஒரு சாயங்காலம் என்னை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "இன்னா சார், உன் ஃப்ரெண்டு கோட்டைக்காரரு மேல எதுனா கேஸு கீதா? ரெண்டு பேரு வந்துகினு, அவரு சைக்கிளு எதுன்னு கேக்கறாங்க. முடிய ஒட்ட வெட்டிகினு, ஆளுங்க கம்பம் மாரி கீறாங்க. சைக்கிள குனிஞ்சு குனிஞ்சு பாத்தாங்க, நம்பரு வேற படிச்சாங்க."

ஒட்ட வெட்டின முடி, நிமிர்ந்த முதுகு, சைக்கிளில் பொறித்த நம்பர். வீடு போய்ச் சேருமுன்பே டைரியில் ஏ-7 என்று எழுதிவிட்டேன். மறுநாள் அவர் கொய்யாப்பழம் கொண்டுவந்தது அவருடைய கெட்ட நேரம்.

ஸ்டாண்டுக்காரரிடம் 'ஏழாவது' என்று காதோடு சொல்லி வைத்தேன்; வீட்டில் மனைவியிடமும் சொன்னேன். பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டவள், போலீஸுக்கு அவர் சைக்கிளைப் பார்த்து என்ன தெரியப்போகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். புலனாய்வு பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

விஷயம் இத்தோடு நின்றிருந்தால் என் அசட்டுத்தனங்களில் இன்னொன்று என்று மறந்திருப்பேன். ஆனால் அவர் ரிட்டயராவதற்கு அப்போது மூன்று வாரம்தான் இருந்தது.

எங்கள் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. செட்டில் யாராவது ரிட்டயரானால் கடைசி நாள் காலையில் ஜன்னல் கம்பியில் பூச்சரம் சுற்றுவோம். பல்லாவரம் தாண்டியதும் சால்வை போட்டு லட்டு கொடுப்போம். அது முக்கியமில்லை. அவர் இறங்குகிற ஸ்டேஷனில் செட்டு முழுக்க அவரோடு இறங்கும். நாங்கள் போக வேண்டிய வண்டியை விட்டுவிட்டு, படியேறி வாசல் வரைக்கும் அவரோடு நடந்துபோய், கையைக் குலுக்கி அனுப்பிவிட்டு அடுத்த வண்டி பிடிப்போம். அன்றைக்கு எல்லாருக்கும் ஆபீசில் லேட். ஒருத்தருக்காக நாலு பேர் லேட்டாவதுதான் அங்கே மரியாதை. இதற்கு முன் ரிட்டயரான ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்கு அப்படிச் செய்தபோது, வாசலில் அவரைவிட அதிகமாக அழுதவர் கோட்டைக்காரர். தன் முறை வரும்போது எல்லாரும் கோட்டை வரைக்கும் வரவேண்டும் என்று அன்றைக்கே சொல்லி வைத்தார். அதன் பிறகு பல தடவை சொல்லியிருக்கிறார். அவருக்கு ஆபீசில் வழியனுப்பு விழா இருந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. இதைத்தான் அவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது தெரியும்.

சால்வையும் வாங்கியாகிவிட்டது. ஜரிகை போட்டது. என் வீட்டு அலமாரியில் இருந்தது. அப்போதுதான் அவர் காதில் படாமல் மற்ற இரண்டு பேரிடமும் நான் என் அறிவைக் காட்டினேன். அரசாங்க ஊழியர் மேல் வழக்கு இருந்தால் ரிட்டயராக விடமாட்டார்கள், கடைசி நாள் சாயங்காலம் சஸ்பெண்டு ஆர்டரைக் கையில் கொடுப்பார்கள் என்றேன். இது மட்டும் உண்மை. அப்படி நடப்பது உண்டு. காலையில் நாம் சால்வை போட்டுவிட்டு, சாயங்காலம் அவருக்கு ஆர்டர் வந்தால்? யார் யார் சால்வை போட்டார்கள் என்று நாளைக்கு யாராவது கேட்டால்? கேஷியருக்கு முகம் வெளிறிவிட்டது. பாங்க் வேலையில் பேர் அடிபடவே கூடாது என்றார். ஆர்டர் வராவிட்டால் திங்கட்கிழமை செய்துகொள்ளலாம் என்று நான் சமாதானம் சொன்னேன். ரிட்டயரானவர் திங்கட்கிழமை எதற்காக ரயிலில் வரப்போகிறார் என்று வாத்தியார் கேட்டார். ஆனாலும் திங்கட்கிழமை என்றே முடிவாயிற்று.

அந்தக் கடைசி நாள் காலை அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மடிப்பு கலையாமல் கழுத்தில் விறைத்துக்கொண்டு நின்றது. ஜன்னல் கம்பியை ஒரு தடவை பார்த்தார். பூ இல்லை. பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். பல்லாவரம் போயிற்று. நாங்கள் மூன்று பேரும் அன்றைக்குப் பேப்பரை மிகக் கவனமாகப் படித்தோம். வழக்கைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. எழும்பூரில் வாத்தியார் இறங்கினார். கோட்டை வரைக்கும் வந்திருக்க வேண்டியவர். கோட்டை ஸ்டேஷன் வந்ததும் கோட்டைக்காரர் எழுந்து, "வரேன் சார்" என்றார். நானும் கேஷியரும் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினோம். பிளாட்பாரத்தில் இறங்கியவர் நடக்கவில்லை. கூட்டம் இரண்டு பக்கமும் விலகிப் போக, மஞ்சள் பையோடு அப்படியே நின்று பெட்டி வாசலைப் பார்த்தார். வண்டி கிளம்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை.

பிறகு அவர் ரயிலில் வரவில்லை. ஆர்டர் வந்ததா என்றும் தெரியவில்லை. எப்படிப் போய்க் கேட்பது?

நாலு மாதம் கழித்துக் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. தாம்பரம் ஸ்டேஷன் கடையில் பேப்பரை வாங்கி நின்றபடியே படித்தேன். மொத்தம் ஐந்தே பேர். ஏழாவது என்று ஓர் ஆளே கிடையாது. என் ஆறில் மந்திரியும் அவருடைய மைத்துனரும் மட்டும் சரி. அந்த இரண்டு பேரைச் சைக்கிள் ஸ்டாண்டுக்காரரும் சொல்லியிருப்பார். சாட்சிகள் பட்டியலும் போட்டிருந்தார்கள். அதிலும் கோட்டைக்காரர் இல்லை. இத்தனைக்குப் பிறகும், வேண்டுமென்றே விட்டிருப்பார்களோ என்று ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்த வாத்தியாரையும் இழுத்துக்கொண்டு, சால்வையோடு முடிச்சூர் போனேன். கேஷியருக்கு அன்று திடீரென்று காய்ச்சல். கோட்டைக்காரர் பனியனோடு வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரித்தார். அதே சிரிப்பு. உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். அவர் மனைவி வந்து எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காபி போடப் போனார்.

சைக்கிளைக் காணோமே என்று பேச்சை ஆரம்பித்தேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. விற்றுவிட்டேன் என்றார். ரிட்டயரான பிறகு ஸ்டேஷனுக்குப் போகும் வேலை இல்லையே, அதனால் முன்னாடியே பேசி வைத்திருந்தாராம். விமானப்படை குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பையன்கள் ஸ்டாண்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். தாம்பரத்தில் இருபது வருஷமாக இருக்கிறேன். காலையில் மார்க்கெட்டுக்குப் போனால் எதிரில் வருகிறவர்களில் பாதிப் பேர் ஒட்ட முடி வெட்டிய விமானப்படைக்காரர்கள். அது எனக்குத் தோன்றவே இல்லை.

மஞ்சள் பையில் இருந்தது பென்ஷன் பாரங்கள். மூன்று மூன்று நகல். அதில் ஒட்டுவதற்குக் கணவன் மனைவி சேர்ந்து எடுத்த போட்டோ வேண்டும். முதல் நாள் எடுத்ததில் இவர் கண்ணை மூடிவிட்டார். மறுநாள் போய் மறுபடி எடுத்தார்கள். இரண்டு நாள் லீவு அதற்குத்தான். போட்டோ கசங்கக்கூடாது என்றுதான் பையை அப்படிப் பிடித்திருந்தாராம்.

அந்த மந்திரியின் ஃபைல்கள் என்று வாத்தியார் மெதுவாக இழுத்தார். கோட்டைக்காரர் தண்ணீர்ச் செம்பையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் தபால் செக்‌ஷன் சார். கடைசி வரைக்கும் கவர் ஒட்டி அனுப்புற வேலைதான். உள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளும் பாத்ததில்ல. நீங்கள்லாம் கோட்டைக்காரர், கோட்டைக்காரர்னு சொல்லும்போது அதை எப்படிச் சொல்றது? சிரிச்சு வெச்சேன்."

செம்பை நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி பேசினார். "ஏழாவதுன்னு நீங்க எழுதி வெச்சிருக்கீங்கன்னு ஸ்டாண்டுக்காரன் சொன்னான். நீங்க நாலு பத்திரிகை படிக்கிறவர். எனக்குத் தெரியாமலே எதுலயாவது கையெழுத்துப் போட்டுட்டேனோன்னு பயம் வந்துடுச்சு சார். கடைசி நாள் சாயங்காலம் எல்லாரும் போனப்புறமும் ஆறு மணி வரைக்கும் சீட்லயே உக்காந்திருந்தேன். ஆர்டர் கொண்டு வருவாங்கன்னு. வாட்ச்மேன்தான் வந்து, பூட்டணும் கிளம்புங்கன்னான்."

வாத்தியார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எந்தக் கோர்ட்டிலும் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள். நான் எழுந்து சால்வையைப் பிரித்தேன். நாலு மாதம் அலமாரியில் இருந்ததில் பாச்சை உருண்டை வாசனை அறை முழுக்கப் பரவியது. அவர் தோளில் போட்டேன். பனியன் மேல் ஜரிகை. மன்னிப்பு என்று எதையோ சொல்ல ஆரம்பித்தேன். வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எனக்கே தெரியவில்லை.

காபியோடு வந்த அவர் மனைவி டம்ளரை என் முன்னால் கொஞ்சம் அழுத்தியே வைத்தார்.

"விடுங்க சார். முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல எந்த லிஸ்ட்லயும் இவரை முதல் பத்துக்குள்ள யாரும் போட்டதில்ல. நீங்கதான் போட்டீங்க, அதுவும் தப்பாப் போச்சு."